தியானத்தின் சூடு ஆறிய பிறகு: இல்லறத்தில் இருப்பவர் கடவுளோடு நெருங்கி வாழ்வது எப்படி?

மூன்று நாள் தியானத்திற்கு, அதாவது செபத்துக்கென ஒதுங்கியிருக்கும் கூட்டத்திற்கு, சென்று வந்த பின் சில வாரங்கள் நீடித்த இறையார்வம், அலுவலகம், பயணம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு நடுவே மெல்லத் தேய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். செபிக்க அமர்ந்தால் மனம் அலைகிறது, எதையும் உணர முடிவதில்லை, கணவரும் குடும்பச் செபத்தில் கலந்துகொள்வதில்லை. இந்த நிலையில் ஒரு சாதாரணக் குடும்பப் பெண் நாள்தோறும் கடவுளோடு நெருங்கி வாழ்வது நடக்கக்கூடியதா என்பது உங்கள் கேள்வி.

நடக்கக்கூடியதுதான். ஆனால் நெருக்கத்தை நீங்கள் எதைக்கொண்டு அளக்கிறீர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தியானத்தின்போது கண்ணீரும் ஆறுதலும் பெற்றீர்கள். அவை நின்றதும் கடவுள் தொலைவில் போய்விட்டார் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அந்த உணர்வுகள் கடவுள் தரும் கொடைகளாக இருக்கலாம், அவற்றுக்காக நன்றி சொல்லலாம்; ஆயினும் அவை வந்தால் நெருக்கம், வராவிட்டால் பிரிவு என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், செபத்தைப் பற்றிப் பேசும் பகுதியில், மூச்சு விடுவதைக் காட்டிலும் அடிக்கடி நாம் கடவுளை நினைக்க வேண்டும் என்ற நசியான்சு நகர புனித கிரகோரியாரின் கருத்தை எடுத்துக் காட்டிவிட்டு, உடனே ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறது: குறித்த நேரங்களில் மனமுவந்து செபிக்காதவர் எல்லா நேரமும் செபிக்க இயலாது. நான் சொல்ல விரும்புவதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். "நான் நாள் முழுவதும் கடவுளை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், தனியாகச் செபிக்கத் தேவையில்லை" என்று சொல்பவர்களைப் பங்குகளில் அடிக்கடி சந்திக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் நாள் முழுவதும் நினைப்பது வேறு எதையோ என்பது அவர்களுக்கே தெரியும்.

இல்லறத்தில் இருப்பவர் துறவியரைப் போலச் செபிக்க முடியாததால் அவருடைய பக்தி இரண்டாம் தரமானது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. இதை 1609இலேயே மறுத்தவர் ஜெனீவாவின் ஆயராக இருந்த புனித பிரான்சிஸ் சலேசியார். உலக அலுவல்களில் வாழ்வோருக்காக அவர் எழுதிய நூலில், படைவீரரின் அணியிலிருந்தும், தொழிலாளியின் பட்டறையிலிருந்தும், மணமானவர்களின் இல்லத்திலிருந்தும் பக்தி வாழ்வை விலக்க முயல்வது தவறான கொள்கை என்று கடுமையாகவே எழுதினார். கூடவே, கைவினைஞர் துறவியைப்போல நாள் முழுவதும் ஆலயத்தில் இருந்தால் அந்தப் பக்தி நகைப்புக்கிடமாகிவிடும் என்றும் சொன்னார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் கொள்கைத் திரட்டின் 5ஆம் அதிகாரத்தில், எந்த நிலையில் வாழும் கிறிஸ்தவரும் நிறை புனிதத்திற்கு அழைக்கப்பட்டிருக்கிறார் என்று அறிவித்தபோது இந்தச் சிந்தனை திருச்சபை முழுவதற்கும் உரிய போதனையாயிற்று.

உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கியவர் என்று நான் கருதுவது, குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தாயான புனித செலி மார்ட்டினை. பிரான்சின் அலான்சோன் நகரில் சரிகைப் பின்னல் (லேஸ்) தொழிலை நடத்தி, வேலைப் பெண்களுக்கு வேலை பகிர்ந்தளித்து, ஒன்பது குழந்தைகளைப் பெற்று, அவர்களில் நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, 1877இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர் அவர். கணவர் லூயி கடிகாரம் செய்பவர். இருவரும் அதிகாலை ஐந்தரை மணித் திருப்பலிக்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். 2015 அக்டோபர் 18 அன்று இந்தத் தம்பதியர் ஒன்றாகப் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். கணவன் மனைவி இருவரையும் ஒரே நேரத்தில் அவ்வாறு அறிவித்தது அதுவே முதல்முறை. செலி எழுதியவற்றில் இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது காட்சிகளோ பரவசங்களோ கண்ணில் படுவதில்லை. சரிகைக்கு வந்த வேலை, குழந்தையின் காய்ச்சல், அளவுக்கு மீறிய களைப்பு, இவற்றுக்கு நடுவே கடவுள்மீது இயல்பாகச் சாய்ந்துகொள்ளும் ஒரு மனம் ஆகியவையே தென்படுகின்றன.

இனி நடைமுறைக்கு வருகிறேன். காலையில் எழுந்தவுடன், கைபேசியைத் தொடுவதற்கு முன், அந்த நாளைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுங்கள். சிலுவை அடையாளம் வரைந்து, இன்றைய வேலை, மகிழ்ச்சி, தொல்லை அனைத்தையும் கிறிஸ்துவின் பலியோடு சேர்த்து உமக்குத் தருகிறேன் என்று சொந்தச் சொற்களில் சொல்ல ஒரு நிமிடம் போதும். இந்தக் காலை ஒப்புக்கொடுத்தல் பரவலான வரலாறு சுவையானது. 1844 டிசம்பர் 3 அன்று, புனித சவேரியார் திருநாளில், பிரான்சின் வால்ஸ் நகரில் இயேசு சபையின் பயிற்சித் துறவியரிடம் அருட்தந்தை கோத்ரலே உரையாற்றினார். தொலைநாட்டு மறைப்பணிக்குப் போகத் துடித்த அவர்களுக்குப் படிப்பு சலிப்பாக இருந்தது; பிரெஞ்சு இயேசு சபையினர் அப்போது நம் மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் இன்றைய படிப்பையும் அன்றாடக் கடமைகளையுமே செபமாக ஒப்புக்கொடுங்கள், அவ்வாறே நீங்கள் மறைப்பணியில் பங்கு பெறுவீர்கள் என்றார் அவர். அதிலிருந்து பிறந்த செப இயக்கம் இன்று திருத்தந்தையின் உலகளாவிய செப வலைப்பின்னலாகத் தொடர்கிறது. கணினி முன் எட்டு மணிநேரம் அமர்பவருக்கும் அடுப்படியில் நிற்பவருக்கும் பொருந்துகிற அறிவுரை இது.

பகலில் இந்த ஒப்புக்கொடுத்தல் மறந்துபோகும். மறந்துபோகும் என்பதை அறிந்துதான் திருச்சபை நாளின் நடுவே நினைவூட்டல்களை வைத்தது. தொடக்கக் காலக் கிறிஸ்தவ நூலான திதாக்கே, இயேசு கற்பித்த செபத்தை நாளொன்றுக்கு மூன்று முறை சொல்லும்படி பணிக்கிறது. பிற்காலத்தில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மணி ஒலிக்க மூவேளைச் செபம் சொல்லும் வழக்கம் வந்தது. நம் ஊர்களில் கோவில் மணி கேட்டதும் நடுவயலில் வேலையை நிறுத்திச் செபித்த தலைமுறை ஒன்று இருந்தது. அலுவலகத்தில் கோவில் மணி கேட்காது. அதனால் நண்பகலில் கைபேசியில் ஓசையில்லாத நினைவூட்டல் ஒன்றை வைத்துக்கொள்வதில் குறையேதும் இல்லை. இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும் செபம் அது. பேருந்திலோ மின்தொடர் வண்டியிலோ நின்றுகொண்டு செல்லும்போது சிறு செபங்களைச் சொல்லலாம். "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்" என்று நற்செய்தி உவமையில் வரும் வரிதண்டுபவர் சொன்ன செபமும், எனக்கு உதவ விரைந்து வாரும் என்று கெஞ்சும் 70ஆம் திருப்பாடலின் முதல் அடியும் இதற்குப் பொருத்தமானவை. பின்னதை இடைவிடாச் செபமாகச் சொல்லும் எகிப்தியப் பாலைநிலத் துறவியரின் மரபைப் பழங்காலத் துறவற எழுத்தாளர் யோவான் காசியன் பதிவு செய்திருக்கிறார்.

வேலைக்கு நடுவே கடவுளின் உடனிருப்பை உணர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேசும்போது கார்மேல் சபைச் சகோதரர் லாரன்சைத் தவிர்க்க முடியாது. லொரேன் பகுதியில் பிறந்து, போர்வீரராகக் காயமுற்று, பாரிசிலிருந்த மடத்தில் சேர்ந்து நெடுங்காலம் சமையலறையில் உழைத்து, 1691இல் இறந்தவர் அவர். சமையலறைப் பரபரப்பிலும் நற்கருணை முன் முழந்தாளிட்டிருப்பதைப் போன்ற அமைதியில் இருந்ததாக அவர் சொன்னதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் காட்டாமல் விடுகிற இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத ஒன்று. அத்துடன், தொடக்கத்தில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மிகவும் துன்பப்பட்டதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதுகிறார். கடவுளை மறந்துவிட்டதாக உணரும்போது தம்மை நொந்துகொண்டு நேரத்தை வீணாக்க மாட்டார். என்னைத் தனியே விட்டால் நான் இப்படித்தான் செய்வேன், நீரே என்னைத் திருத்த வேண்டும் என்று கடவுளிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். சில வாரங்களில் தோற்றுவிட்டதாக நினைக்கும் நீங்கள் அந்தப் பத்து ஆண்டுகளை நினைவில் வைப்பது நல்லது.

இவை தவிர, நாளில் ஒருமுறையாவது வேறெதுவும் செய்யாமல் கடவுளோடு மட்டும் இருக்கும் நேரம் வேண்டும். பதினைந்து நிமிடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரம், ஒரே இடம். அன்றைய திருப்பலியின் நற்செய்தி வாசகத்தை எடுத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் எதை வாசிப்பது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடாது, உலகெங்கும் திருச்சபை வாசிக்கும் பகுதியை நீங்களும் வாசிக்கிறீர்கள். பங்குகளில் கிடைக்கும் கத்தோலிக்க நாள்காட்டிகளில் அந்தந்த நாளுக்குரிய வாசகக் குறிப்புகள் அச்சிடப்பட்டிருக்கும். மெதுவாக வாசியுங்கள்; ஒரு சொல்லோ செயலோ மனத்தைத் தொட்டால் அங்கேயே நில்லுங்கள்; அதைப் பற்றி ஆண்டவரிடம் பேசுங்கள்; பேச ஒன்றுமில்லாதபோது சும்மா இருங்கள். 12ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியத் துறவியான இரண்டாம் குய்கோ வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், ஆழ்நிலையில் திளைத்தல் என நான்கு படிகளாக வகுத்ததும் இதையே.

மனம் அலையும். அலையாத மனத்தோடு செபித்தவர்கள் புனிதர்களிலும் குறைவு. அவிலா நகர புனித தெரேசா, திருச்சபையில் செபத்தின் மாபெரும் ஆசிரியை, பல ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும் என்று கடிகார ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை உட்கொண்ட நேரம் தவிர, கையில் ஒரு நூல் இல்லாமல் செபிக்கத் துணிந்ததில்லை என்றும் சொல்கிறார். குழந்தை இயேசுவின் தெரேசா செபத்தில் தூங்கிவிழுந்தவர். தூங்கும் குழந்தையையும் விழித்திருக்கும் குழந்தையையும் பெற்றோர் ஒன்றுபோலவே நேசிக்கிறார்கள் என்று ஆறுதல் கண்டவர். இருவரும் மறைவல்லுநர்கள், அதாவது திருச்சபை தன் ஆசிரியர்களாக ஏற்ற புனிதர்கள். பராக்குகளைத் துரத்திப் பிடிக்கப் போவது அவற்றின் கண்ணியில் விழுவதற்குச் சமம், இதயத்துக்குத் திரும்பினால் போதும் என்று மறைக்கல்வி நூல் கூறுகிறது. மின் கட்டணம் நினைவுக்கு வந்தால், அதையே ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நற்செய்திக்குத் திரும்புங்கள். பதினைந்து நிமிடத்தில் இருபது முறை திரும்பினால், இருபது முறை அன்பு செய்தீர்கள் என்று பொருள்.

வறட்சி வேறு செய்தி. அதற்குக் காரணங்கள் பல. சில நேரம் வெறும் உடல் களைப்பு. இரவு பதினொரு மணிக்குச் செபிக்க அமர்ந்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும், நேரத்தை மாற்றுவதே மருந்து. சில நேரம் நாம் விட மறுக்கும் ஒரு பாவம், மன்னிக்க மறுக்கும் ஒரு மனிதர். இரண்டும் இல்லாமல், கடமைகளையும் செபத்தையும் உண்மையோடு செய்தும் சுவை இல்லாதிருந்தால் அது கடவுள் நம் நம்பிக்கையை உணர்வுகளின் துணையின்றி நிற்கப் பழக்கும் காலமாக இருக்கலாம். இவற்றை வேறுபடுத்தி அறிய சிலுவை புனித யோவான் அடையாளங்கள் தந்திருக்கிறார்: கடவுள் காரியங்களிலும் சுவை இல்லை, உலகக் காரியங்களிலும் சுவை இல்லை, ஆனாலும் கடவுளுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையே என்ற கவலை மட்டும் உள்ளத்தில் இருக்கிறது என்பது அவற்றில் ஒன்று. நீங்கள் எழுதியதில் அந்தக் கவலை தெரிகிறது. ஆயினும் இதை ஓர் ஆன்ம வழிகாட்டியிடமோ, வழக்கமாக ஒப்புரவுக்கு (பாவ அறிக்கைக்கு) செல்லும் குருவிடமோ பேசித் தெளிவதே முறை. எழுத்தில் ஒருவர் சொல்வதை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை இருந்தால் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

இரவில் ஆன்ம ஆய்வு. இதை மட்டும் எந்த நாளும் விடாதீர்கள் என்பேன். இலயோலா புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கு ஐந்து படிகள் தந்தார்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, தன் பாவங்களை அறிய அருள் கேட்டல், கழிந்த அந்த நாளை மணிக்கு மணி பார்த்தல், மன்னிப்பு, திருந்தும் உறுதி. நம்மில் பலர் நேராக மூன்றாம் படிக்குப் போய்க் குற்றப்பட்டியல் போட்டுவிட்டுச் சோர்ந்துபோகிறோம். நன்றியை அவர் முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இன்று கடவுள் எங்கே என்னைத் தாங்கினார் என்று தேடிப் பழகிய கண்தான், நாளடைவில், நாளின் நடுவிலேயே அவரைக் கண்டுகொள்ளத் தொடங்குகிறது.

இவையனைத்தும் ஞாயிறு திருப்பலியிலிருந்து பிரிந்தால் உயிரற்றுப்போகும். சனி இரவே வாசகங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, திருப்பலி தொடங்கப் பத்து நிமிடம் முன்னதாகச் சென்று அமர்ந்து பாருங்கள்; வேறுபாடு தெரியும். வார நாளில் செல்ல முடியாதபோது, உள்ளத்தில் ஆசையோடு நற்கருணை ஆண்டவரை அழைக்கும் பழைய வழக்கம், நம் பாட்டிமார் ஞான நன்மை என்று சொன்னது, இருக்கிறது. 1551இல் திருச்சபையின் பொதுச்சங்கமான திரெந்துச் சங்கமே நற்கருணையை உட்கொள்ளும் வகைகளுள் ஒன்றாக இதனைக் குறிப்பிட்டது. ஒப்புரவு அருட்சாதனத்தைப் பொறுத்தவரை, சாவான பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அறிக்கையிட வேண்டும் என்பது சட்டத்தின் கீழெல்லை மட்டுமே. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் முன் நீண்ட வரிசையில் நின்று அவசரமாகச் சொல்லிவிட்டு வருவதைவிட, மாதம் ஒருமுறை, முதல் வெள்ளியை ஒட்டி, அமைதியாகச் செல்வது எவ்வளவோ மேல்.

பக்தி முயற்சிகளை அடுக்கிக்கொண்டே போவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. செவ்வாய் அந்தோனியார் நவநாள், புதன் சகாய மாதா நவநாள், அதற்குமேல் செபமாலை, இரக்கத்தின் செபமாலை, வாட்சப்பில் யாரோ அனுப்பிய முப்பது நாள் செபம் என்று சேர்ந்துகொண்டே போனால், எதையேனும் ஒரு நாள் விட்டதும் குற்றவுணர்வு வந்து, இறுதியில் எல்லாமே நின்றுவிடும். தியானத்திற்குப் பின் உங்களுக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம் என்று ஐயுறுகிறேன். இவை யாவும் நல்லவை, அனைத்தும் ஒருவருக்கே உரியவை அல்ல. திருவசனப் படத்தைக் காலையில் நாற்பது பேருக்கு அனுப்புவதையும் செபக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பதினைந்து நிமிடத்தின் நடுவில் குழந்தை அழுதால், மாமியார் கூப்பிட்டால், எழுந்து செல்லுங்கள். பிறரன்புப் புதல்வியர் சபையை 1633இல் நிறுவிய புனித வின்சென்ட் தே பவுல், ஏழைக்கு மருந்து கொடுக்கச் செபத்தை விட்டுப் போக நேர்ந்தால் அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுச் செல்வது என்று அச்சகோதரிகளுக்குச் சொல்லியிருந்தார். கடவுளை அன்பு செய்கிறோமா என்பதை நாம் உறுதியாக அறிய முடியாது, அயலாரை அன்பு செய்கிறோமா என்பது தெரிந்துவிடும் என்கிறார் அவிலாத் தெரேசா. இரவு ஆய்வில், இன்று செபித்தேனா என்று கேட்பதோடு, அலுவலகத்தில் கீழே வேலை செய்பவரிடம் எப்படிப் பேசினேன் என்றும் கேளுங்கள்.

கணவரைப் பற்றி. பாரிசில் வாழ்ந்த எலிசபெத் லெசூர் என்ற பெண்மணியின் கணவர் பெலிக்சு கடவுள் நம்பிக்கையற்ற மருத்துவர். மனைவியின் நம்பிக்கையைக் கலைக்கவே முயன்றவர். எலிசபெத் அவரோடு வாதாடுவதைத் தவிர்த்து, அன்பிலும் பொறுமையிலும் வாழ்ந்து, நோயுற்று, 1914இல் இறந்தார். பின்னர் அவருடைய நாட்குறிப்பைப் படித்த பெலிக்சு மனம் மாறி, தொமினிக் சபையில் சேர்ந்து, 1923இல் குருவானார். எல்லாக் குடும்பத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை; எலிசபெத் உயிரோடிருந்தபோது எந்தப் பலனையும் காணவில்லை. உங்கள் கணவர் நம்பிக்கையற்றவரும் அல்லர், களைத்து வருபவர். அவர் வராததை ஒவ்வொரு மாலையும் பேச்சாக்க வேண்டாம். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலைக்குப் பதிலாக, இரவு உணவுக்கு முன் பிள்ளைகளோடு ஒரு பத்து மணி மட்டும் சொல்லுங்கள். அன்று நன்றி சொல்ல விரும்பும் ஒன்றைப் பிள்ளைகளே சொல்லட்டும். அவர் அறையில் இருந்தால் இருக்கட்டும், தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லிச் சண்டை வேண்டாம், வேறோர் அறைக்குச் செல்லுங்கள். தூங்குமுன் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையுங்கள். ஒரு நாள் நீங்கள் தாமதமாக வரும்போது அதை அவரிடமே செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான தந்தையர் அதை மறுப்பதில்லை.